அப்பத்தாவின் மனுவும் பாராளுமன்றக் கமிட்டியும்

(மீமிசலில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போனில் கூப்பிட்டபோது, "நீ பாலம் டிசைன் பண்றவன்தானே, பாலத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசு" என்றார். சரி என்றுதான் சொன்னேன். ஆனால் மீமிசலில் கூட்டம் என்று தெரிந்ததும் எனக்கு வேறு ஒன்று சொல்லவேண்டும் போல ஆகிவிட்டது. ஏனென்றால் இந்த மண்டபத்தில் இருந்து நடந்து போகிற தூரத்தில்தான் எங்கள் அப்பத்தா வீடு இருக்கிறது. அந்த வீட்டையும், அதனால் நான் பாராளுமன்றக் கமிட்டி அறிக்கைகளைத் தேட ஆரம்பித்த கதையையும்தான் இன்று சொல்லப்போகிறேன். பாலமும் இடையில் வரும். செயலாளர் மன்னிக்கவேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்பத்தா வீட்டு ஓடு பாதி பறந்துபோனது. சித்தப்பா அப்போது சவூதியில் இருந்தார். லீவு போட்டு வந்தார். கான்கிரீட் கூரை போட்டுவிடலாம், அதற்கு பேங்கில் கடன் வாங்கலாம், வீடு தன் பெயரில் இருந்தால்தான் கடன் கிடைக்கும் என்றார். அப்பத்தா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டது. பத்திரத்தில் "அன்பின் காரணமாக" என்று ஒரு வரி இருந்தது. வேறு நிபந்தனை எதுவும் இல்லை. பெற்ற பிள்ளைக்கு எழுதுகிற பத்திரத்தில் நிபந்தனை போடுவது அவமரியாதை என்றுதானே நம் பக்கத்தில் நினைப்போம்.

2021-ல் சித்தப்பா அங்கேயே இறந்துபோனார். எங்கள் அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மிச்சம் இருப்பது அத்தை ஒருவர். அவரும் வாடகை வீட்டில். சித்தப்பா பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறவை. ஒரு வருஷத்துக்குள் சித்திக்கும் அப்பத்தாவுக்கும் ஒத்துவரவில்லை. முன் அறையைச் சித்தி வாடகைக்கு விட்டுவிட்டார். எண்பது வயதை நெருங்கிய மனுஷி திண்ணைக்கு வந்துவிட்டது. ஊரில் இருந்து எனக்குப் போன் மேல் போன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு கோபப்படுவது சுலபம், அது வேறு விஷயம்.

அப்போதுதான் ஒரு நண்பன், "பெற்றோர் பராமரிப்புச் சட்டம் ஒன்று இருக்கே, ஆர்.டி.ஓ. கிட்ட மனு குடுத்தா போதும், வக்கீலே தேவையில்லை" என்றான். உண்மைதான். 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். அறுபது வயது ஆனவர்கள், தங்களால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள முடியாவிட்டால், பிள்ளைகளிடம் மாதா மாதம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம். நோட்டீஸ் போன நாளில் இருந்து 90 நாளைக்குள் முடிக்கவேண்டும். இரண்டு தரப்பிலும் வக்கீல் ஆஜராகக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களையும் இந்தச் சட்டம் கட்டும். இந்தக் கடற்கரையில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

2022 கடைசியில் லீவு எடுத்துக்கொண்டு வந்து கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு நல்ல மனிதர் இருந்தார். உட்காரச் சொல்லி, முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், மருமகள் மேல மனு போட முடியாது. சட்டத்துல 'பிள்ளைகள்'னா மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் இல்லை. மைனர் பிள்ளைகளும் வராது. இப்ப நீங்கதானே பேரன்? மேஜர்தானே? அப்ப எதிர்மனுதாரர் நீங்கதான் சார்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நியாயம் கேட்டுப் போனவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. என் பெயர், என் தங்கை பெயர், அத்தை பெயர். இந்த மூன்று பேர் மேல்தான் அப்பத்தா மனு கொடுக்கமுடியும். வீடு யார் கையில் இருக்கிறதோ அவர் பெயர் அந்தக் காகிதத்தில் வராது.

வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டது. கடைசியில், "ஏய்யா, பேரன்மேல பிராது குடுத்தவன்னு ஊரு சொல்றதுக்கா நான் இம்புட்டு நாளு உசுரோட இருந்தேன்? போய்யா, போயி சாப்புடு" என்றது. அத்துடன் மனு முடிந்தது.

ஆனால் அந்த அலுவலர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "டெல்லியில் ஒரு திருத்தம் நிற்குது சார். அது வந்தா மருமகன், மருமகள் எல்லாரும் உள்ள வந்துருவாங்க." அதைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சினியருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டிராயிங் கையில் கிடைக்காமல் தூக்கம் வராது. அந்த மசோதாவைத் தேடிப் பிடித்துப் படித்தேன்.

2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா அது. அப்போது சமூக நீதித்துறை அமைச்சராக இருந்த தாவர்சந்த் கெலாட் கொண்டுவந்தது. "பிள்ளைகள்" என்ற சொல்லுக்குள் மாற்றாந்தாய் வழிப் பிள்ளைகள், தத்துப் பிள்ளைகள், மருமகன், மருமகள், மைனர் பிள்ளைகளின் சட்டப்படியான பாதுகாவலர் என்று எல்லாரையும் சேர்த்தது. எங்கள் சித்தி இரண்டு வழியில் மாட்டுவார் பாருங்கள்: மருமகளாக ஒரு தடவை, மைனர் பிள்ளைகளின் பாதுகாவலராக ஒரு தடவை. மாமனார் மாமியாரும் தாத்தா பாட்டியும் "பெற்றோர்" ஆனார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள் மனு கொடுத்தால் 60 நாளில் முடிக்கவேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் முதியோருக்கென்று ஒரு பொறுப்பு அதிகாரி. முதியோர் இல்லங்களுக்குப் பதிவு கட்டாயம். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் சேவை நிறுவனங்களுக்கும் அப்படியே. கைவிட்டால் மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொன்று, தொகைக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. 2007 சட்டம் என்ன சொன்னது என்றால், பராமரிப்புத் தொகைக்கு மாநில அரசு வரம்பு வைக்கலாம், ஆனால் அது மாதம் 10,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. 2007-ல் பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு பவுன் வாங்கிக்கொண்டு மிச்சமும் கொண்டுவரலாம். இன்றைக்கு ஒரு கிராமுக்கே தடுமாறவேண்டும். சட்டத்துக்குள்ளே ரூபாய்க் கணக்கை எழுதி வைப்பது, தூணுக்குள்ளே மரச்சட்டத்தை விட்டு கான்கிரீட் ஊற்றுகிற மாதிரி. பிற்பாடு எடுக்கவும் முடியாது, உள்ளேயே உளுத்தும் போகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் 500 ரூபாய் என்று வரம்பு வைத்து, 2001-ல்தான் அதை எடுத்தார்கள். ஆறே வருஷத்தில் அதே தவறு.

இதையெல்லாம் படித்ததும் எனக்கு, "இதை ஏன் உடனே நிறைவேற்றவில்லை?" என்றுதான் தோன்றியது. அறிமுகமான அதே மாதத்தில் மசோதாவைப் பாராளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். கமிட்டி என்றாலே இழுத்தடிப்பு என்று நினைக்கிறவன்தான் நானும். இந்த இடத்தில்தான் பாலம் வருகிறது.

ஒரு பாலத்துக்கு டிசைன் போட்டால், நாங்கள் போட்ட கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவிடமாட்டார்கள். ப்ரூஃப் செக் என்று ஒன்று உண்டு. எங்களுக்குச் சம்பந்தமில்லாத வேறு எஞ்சினியர், பெரிய வேலை என்றால் ஐ.ஐ.டி. பேராசிரியர் மாதிரி ஒருவர், எங்கள் கணக்கைப் பார்க்காமல் தன் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்ப்பார். சிவப்பு மையில் கேள்விகள் வரும். "இந்த லாரி பாரத்தை எங்கே எடுத்தீர்கள்? மண் பரிசோதனை எந்த மாதம்?" என் முதல் டிசைனுக்கு வந்த சிவப்பு மையைப் பார்த்துவிட்டு அன்று இரவு சாப்பிடவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு ப்ரூஃப் செக்கில், ஒரு தூணுக்கு நான் பாரத்தைக் குறைத்து எடுத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சிவப்பு மை மேல் மரியாதை.

பாராளுமன்ற நிலைக்குழுவும் அந்த மாதிரி ஒரு ஏற்பாடுதான். துறைவாரியான நிலைக்குழுக்கள் 1993-ல் 17 ஆகத் தொடங்கி, 2004-ல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையில் இருந்து 21, மாநிலங்களவையில் இருந்து 10. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. டிசைன் போட்டவனே ப்ரூஃப் செக் பண்ணக்கூடாது இல்லையா, அதே தத்துவம். கட்சிக் கொறடா உத்தரவு அங்கே கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதால் டி.வி.க்காகக் கத்தவேண்டியதும் இல்லை. துறைச் செயலாளரைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்கலாம். நிபுணர்களைக் கூப்பிடலாம். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுக்கலாம். ஆனால் ஒரே ஒரு வித்தியாசம். எங்கள் ப்ரூஃப் செக்கர் கையெழுத்துப் போடாவிட்டால் பாலம் ஏறாது. கமிட்டி சொல்வதை அரசாங்கம் ஏற்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆலோசனைதான்.

அந்த ஆலோசனையைக் கேட்பதே குறைந்துகொண்டு வருகிறது என்பது வேறு கவலை. 2009 முதல் 2014 வரை இருந்த 15-வது மக்களவையில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் கமிட்டிகளுக்குப் போயின. 2019 முதல் 2024 வரை இருந்த 17-வது மக்களவையில் அது சுமார் 16 ஆகக் குறைந்தது. முதியோர் மசோதா அந்தச் சொற்பத்தில் ஒன்று. அதுவரைக்கும் அதிர்ஷ்டம்தான். 2007-ல் மூலச் சட்டம் வந்தபோதும் அது கமிட்டிக்குப் போய்த்தான் வந்தது. அப்போது தலைவர் சுமித்ரா மகாஜன், அமைச்சர் மீரா குமார். இரண்டு பேருமே பிற்பாடு மக்களவை சபாநாயகர் ஆனார்கள் என்பது ஒரு சுவாரசியம்.

திருத்த மசோதாவைப் பார்த்த கமிட்டிக்கு பீகாரைச் சேர்ந்த ரமா தேவி தலைவர். இடையில் கொரோனா வந்து கமிட்டிக் கூட்டங்களே சில மாதம் நின்றன. 2021 ஜனவரியில் அறிக்கை வைக்கப்பட்டது.

நிற்க. நான் ஏன் கமிட்டி வேண்டும் என்கிற பக்கத்துக்கு மாறினேன் என்று சொல்கிறேன். அதற்கு மறுபடி மீமிசலுக்குத்தான் வரவேண்டும்.

அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது சித்தியிடம் நேரில் பேசினேன். சண்டை போடத்தான் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் பேங்க் பாஸ்புக்கை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். கான்கிரீட் கூரைக்கு வாங்கிய கடன். மாதத் தவணை. சித்தப்பா போனபிறகு அந்தத் தவணை எதில் இருந்து போகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. முன் அறை வாடகையில் இருந்துதான் போகிறது. அந்த அறையை விடாவிட்டால் வீடே ஏலத்துக்குப் போயிருக்கும். அப்பத்தாவுக்குத் திண்ணை கூட மிஞ்சியிருக்காது. "பன்னெண்டு வருசம் அத்தைக்கு வென்னி வச்சுக் குடுத்தது நான்தான் தம்பி. நீங்க தீபாவளிக்கு வந்து சேலை குடுத்துட்டுப் போவீக" என்றார். எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை.

இப்போது அந்த மசோதாவை மறுபடி எடுத்துப் படித்துப் பாருங்கள். அது நிறைவேறியிருந்தால் மாதத் தொகை கொடுக்கச் சொல்லி உத்தரவு யார் மேல் வந்திருக்கும்? சம்பாதிக்காத, கடன் கட்டுகிற, இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிற விதவை மேலும் வந்திருக்கலாம். கொடுக்க முடியாவிட்டால் வாரண்ட். அவருடைய வருமானத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பாயம் தொகை போடும் என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் நம் வீடுகளில் முதியவர்களைக் குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, ராத்திரி எழுந்து பார்ப்பது பெரும்பாலும் யார்? மருமகள்தான். அந்த வேலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மசோதாவில் எந்த வரியும் எனக்குத் தெரியவில்லை. பணம் கொடுத்தால் பராமரிப்பு, கை உழைப்பு கொடுத்தால் அது கணக்கில் வராது என்றால் அந்தத் தராசில் ஏதோ கோளாறு.

மருமகளுக்கும் மாமியாருக்கும் நடுவில் சட்டங்களே மோதிக்கொள்வதும் உண்டு. பெங்களூரு வழக்கு ஒன்றில் 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம், முதியோர் சட்டத்தைக் காட்டி, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மருமகளுக்குக் கொடுத்திருக்கிற குடியிருப்பு உரிமையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. கமிட்டி கையில் மசோதா இருந்த அதே சமயத்தில் வந்த தீர்ப்பு அது. இந்த மாதிரி முடிச்சுகளை அவையில் அரைமணி நேர விவாதத்தில் அவிழ்க்க முடியுமா? குரல் வாக்கெடுப்பில் "ஆம் என்போர் ஆம் என்க" என்று முடித்துவிடக்கூடிய விஷயமா இது? முதலில் நான் அப்படித்தான் முடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எஞ்சினியர் பாஷையில் சொன்னால், பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்கவேண்டும். மசோதா செய்தது, ஒரு தூண் மேல் இருந்த பாரத்தைப் பக்கத்தில் உள்ள இரண்டு தூணுக்குப் பிரித்தது. மகனிடம் இருந்ததை மருமகள், மருமகன் வரைக்கும் நீட்டியது. அஸ்திவாரம் அரசாங்கம்தானே, அதன் பங்கு என்ன? 2007 சட்டத்தின் 19-வது பிரிவைப் பாருங்கள். மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று என்று, 150 பேர் தங்கும்படி, ஆதரவற்ற முதியோருக்கு இல்லம் மாநில அரசு அமைக்க"லாம்". வேண்டும் என்று இல்லை, "லாம்". எங்கள் காண்ட்ராக்ட் பத்திரத்தில் "காண்ட்ராக்டர் சிமெண்ட் போடலாம்" என்று எழுதினால் எப்படி இருக்கும்?

ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் 20 ரூபாயில் தொடங்கியது. மத்திய அரசின் திட்டம் 1995-ல்தான் வந்தது, 75 ரூபாய். மத்திய அரசின் பங்கு 2007-ல் மாதம் 200 ரூபாய், 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு 2024-லும் அதே 200 ரூபாய். மாநிலம் தன் கையில் இருந்து போட்டுத்தான் 2023-ல் அது 1,200 ரூபாய் ஆனது. அந்த 200-ஐ உயர்த்துங்கள் என்று ஊரக வளர்ச்சிக்கான நிலைக்குழு திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. இதுவும் கமிட்டி சொன்னதுதான். சொன்னது சொன்னபடி நிற்கிறது.

வெளிநாட்டில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் வரைவை 2012-13-ல் இரு அவைகளின் கூட்டுக் கமிட்டி வரிக்கு வரி அலசியது. 2014-ல் சட்டம் ஆனது. ஒருவர் தன் ஆயுளில் பராமரிப்புக்காகக் கைக்காசு செலவழிக்கவேண்டியதற்கு ஓர் உச்சவரம்பு வைப்போம் என்பது அதில் முக்கியமான விஷயம். அதைத் தள்ளிப்போட்டார்கள், தொகையை மாற்றினார்கள், மறுபடி தள்ளிப்போட்டார்கள், 2024 ஜூலையில் கைவிட்டே விட்டார்கள். நல்ல ப்ரூஃப் செக் நடந்து, கட்டாமல் விட்ட பாலம்.

சிங்கப்பூர் நமக்குக் கிட்டத்து உதாரணம். இந்த ஊரில் பாதிப்பேருக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி. அங்கே 1994-ல் வால்டர் வூன் என்ற நியமன உறுப்பினர் தனிநபர் மசோதாவாகப் பெற்றோர் பராமரிப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். அதைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பி, 1995-ல் நிறைவேற்றினார்கள். அத்தோடு விட்டுவிடவில்லை. முதலில் சமரசப் பேச்சு, அது முடியாவிட்டால்தான் தீர்ப்பாயம் என்று பிற்பாடு ஆக்கினார்கள். 2023-ல் இன்னொரு திருத்தம்: சிறு வயதில் பிள்ளைகளை அடித்துக் கொடுமைப்படுத்திய, கைவிட்ட பெற்றோர், தீர்ப்பாயத்தின் அனுமதி இல்லாமல் அந்தப் பிள்ளைகள் மேல் மனு போட முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர், குடித்துவிட்டு வீட்டை நாசம் பண்ணிய அப்பாவுக்கு இன்றும் மாதம் பணம் அனுப்புகிறார். அனுப்பட்டும், அது அவர் மனசு. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தும்போது இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

சரி, நம் மசோதா என்ன ஆயிற்று? 2021 ஜனவரியில் கமிட்டி அறிக்கை வந்தது. அதன்பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் மக்களவை நடந்தது. மசோதா விவாதத்துக்கே வரவில்லை. 2024 ஜூனில் 17-வது மக்களவை கலைக்கப்பட்டது. மசோதாவும் காலாவதி. நான் அந்த அலுவலர் சொன்ன நாளில் இருந்து பேப்பரில் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு மூலையில் கூடச் செய்தி வரவில்லை. ஒரு மசோதா செத்துப்போனால் இரங்கல் விளம்பரம் கூடக் கிடையாது போலிருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. அரசியல் சட்டத்தின் 107-வது பிரிவுப்படி, மக்களவையில் நிலுவையில் உள்ள மசோதா அந்த அவை கலைந்தால் சேர்ந்து போய்விடும். மாநிலங்களவையில் அறிமுகமாகி, மக்களவை இன்னும் நிறைவேற்றாத மசோதா என்றால் போகாது. ஆக, இந்த மசோதா எதிர்ப் பக்கத்துக் கதவு வழியாக நுழைந்திருந்தால் இன்றும் உயிரோடு இருந்திருக்கும். இனி ஒன்று கொண்டுவரவேண்டுமானால் புது எண், புது அறிமுகம், எல்லாம் முதலில் இருந்து.

இதுவரை டெல்லிக் கதை. இப்போது நீங்கள் வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடிய ஒன்று. 2007 சட்டத்தின் 23-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், தன்னைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு முதியவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கினவர் பராமரிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கவேண்டுமா, மனதில் இருந்தால் போதுமா என்பதுதான் வழக்கு. 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம், நிபந்தனை இருந்தது என்று காட்டியாகவேண்டும் என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இது முதியோருக்காக வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ளவேண்டும் என்று ஒரு தாயின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் மார்ச்சில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், அன்பின் காரணமாக எழுதிக் கொடுத்தேன் என்றாலே பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியிருக்கிறது என்றது. அந்த வழக்கிலும் மகன் இறந்துபோய், எதிரில் நின்றவர் மருமகள்தான். அப்படியே எங்கள் வீட்டுக் கதை.

நீதிபதிகள் எப்படிப் பொருள் கொள்வார்கள் என்று காத்திருப்பதைவிட, எழுதும்போதே ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. "எழுதிக் கொடுப்பவரை அவர் ஆயுள் உள்ளவரை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் கொடுத்துப் பராமரிக்கவேண்டும்." பத்திரம் எழுதுபவரிடம் சொன்னால் சேர்த்துவிடுவார். ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. உங்கள் அப்பா அம்மா உங்களுக்கு எழுதிக் கொடுக்கும்போது நீங்களே கேட்டுப் போடச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள்.

எங்கள் பத்திரத்தை ரத்து செய்யலாமா என்று யோசித்தோம். நாகப்பட்டினம் தீர்ப்பைப் படித்தபிறகு முடியும் என்றுதான் தோன்றியது. ஆனால் ரத்து செய்தால் கடன் என்ன ஆகும், அந்த இரண்டு பிள்ளைகள் எங்கே போகும்? கடைசியில் நான், தங்கை, அத்தை மூன்று பேரும் உட்கார்ந்து மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டோம். அதில் ஒரு பங்கு கடன் தவணைக்கு. முன் அறையைக் காலி செய்து வாங்கி அப்பத்தாவுக்குக் கொடுத்தாயிற்று. அப்பத்தா ஒரே ஒரு நிபந்தனை போட்டது: "பணத்தை என் கையில குடுக்காத. அவ கையில குடு. நாந்தான் அவகிட்ட கேட்டு வாங்கித் திங்கணும். அப்பத்தான் அவ என்னைய பாப்பா." இதை எந்தக் கமிட்டிக்கு எழுதி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் இன்னும் வாரத்துக்கு ஒரு சண்டை வருகிறது. வென்னியும் வருகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மசோதா என்றைக்காவது வேறு பெயரில் திரும்ப வரலாம். வந்து கமிட்டிக்குப் போனால், கருத்துக் கேட்டு விளம்பரம் வரும். வழக்கமாக இரண்டு வாரம் போலத்தான் அவகாசம் கொடுப்பார்கள். இங்கிலீஷிலோ இந்தியிலோ எழுதவேண்டும் என்று போட்டிருப்பார்கள். எங்கள் அப்பத்தாவும் எழுதமுடியாது, சித்தியும் எழுதமுடியாது. அந்த இரண்டு வாரத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது என்பதால் இப்போதே இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்புத் தயார் செய்திருக்கிறேன். கையால் பராமரிக்கிறவரின் உழைப்பைத் தொகையாகக் கணக்கிடவேண்டும், 19-வது பிரிவில் "லாம்" என்பதை "வேண்டும்" ஆக்கவேண்டும், 200 ரூபாயை விலைவாசியோடு சேர்த்துக் கட்டவேண்டும், சட்டத்துக்குள் ரூபாய்க் கணக்கு எழுதக்கூடாது, இப்படிச் சில. மருமகளைச் சேர்க்கலாமா கூடாதா என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை.

பிரதிகள் வாசலில் பெயர் பதிகிற மேஜை மேல் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு டப்பா நிறையச் சிவப்புப் பேனா வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் மாமியார் இருப்பவர்கள், மருமகள் இருப்பவர்கள், இரண்டும் இருப்பவர்கள், தயவு செய்து எடுத்துத் திருத்துங்கள். என் இங்கிலீஷை மட்டும் நம் ஆங்கிலப் பேராசிரியர் அய்யா தனியாகத் திருத்தித் தரவேண்டும். அவருக்கு அது புதிதல்ல, இரண்டாம் வருஷம் அரியர் பேப்பரிலேயே பார்த்தவர்தான்.

 சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் கை காட்டுகிறார்.